பவர் மோடு உள்ள பெரிய பைக்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் செய்ய வேண்டியவை

நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் வண்டி. நான்கு சிலிண்டர், நூறு குதிரைத்திறனுக்கு மேல். மீட்டரின் மூலையில் ‘எஃப்’ என்று ஓர் எழுத்து எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கட்டங்கள் சரியாகக் காட்டாது என்று விற்றவர் முன்பே சொல்லியிருந்ததால், அந்த ‘எஃப்’தான் டேங்க் ஃபுல் என்பதன் அடையாளம் என்று இரண்டு வாரம் நம்பினேன். மதுராந்தகம் தாண்டி பெட்ரோல் தீர்ந்து நின்ற மதியமும் அது ‘எஃப்’ என்றே காட்டியது.

அது ஃபுல் பவர் மோடு. பட்டனை அழுத்திப் பிடித்தால் ‘எல்’ என்று இன்னொன்று வரும், அது லோ பவர் மோடு, அதில் வண்டி பாதி சாதுவாகிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஓராண்டு தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். 150 சிசியிலிருந்து நேராகப் பெரிய வண்டிக்குத் தாவுகிறவர்களுக்குத்தான் இது.

மோடு உண்மையில் உதவுமா என்பதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று இடத்தில் உதவும்: புது வண்டியோடு பழகும் முதல் மாதங்களில், மழையில், நாள் முழுக்க ஓட்டிக் களைத்துத் திரும்பும் மாலையில். மற்ற நேரத்தில் பெரும்பாலோர் ஒரே மோடில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான்.

1. அந்த மோடு எதை மாற்றுகிறது என்று கேளுங்கள்

‘ரெயின்’, ‘ரோடு’, ‘ஸ்போர்ட்’ என்ற பெயர்களை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். ஒரே பெயர் இரண்டு வண்டியில் இரண்டு வேலை செய்யும். ஒரு மோடு மூன்று விஷயங்களைத் தொடலாம். ஒன்று, நீங்கள் இவ்வளவு முறுக்கினால் இன்ஜின் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது என்பது. இரண்டு, முழுவதும் முறுக்கினாலும் கிடைக்கிற உச்ச பவர். மூன்று, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும், முறுக்கும்போது பின் சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் காக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலும் எப்போது குறுக்கிடுகின்றன என்பது. சில வண்டிகளில் மூன்றும் மாறும், சிலவற்றில் ஒன்றே ஒன்று.

ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் அதில் மோடுகள் வந்தபோது ஸ்போர்ட், டிராக் இரண்டிலும் 34 பிஎஸ் (ஏறக்குறைய அத்தனை குதிரைத்திறன்), 9,700 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு அத்தனை சுற்றுச் சுற்றும்போது. அர்பன், ரெயின் இரண்டிலும் 25.8 பிஎஸ், 7,700 ஆர்பிஎம்மில். பவரில் கால்வாசி போய்விட்டதே என்று தோன்றும். டார்க்கை, அதாவது இன்ஜினின் திருப்பு விசையைப் பாருங்கள்: 27.3 நியூட்டன் மீட்டர் 25 ஆகிறது, அவ்வளவுதான். அதுவும் ஆயிரம் ஆர்பிஎம் முன்னதாகவே, 6,700-இல் கிடைத்துவிடுகிறது. ஆக கிண்டி சிக்னலில் கிளம்பும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. குறைவது மேல் ஆர்பிஎம்மில், வேகத்தின் உச்சியில்.

கவாஸாகி இசட்900 வேறு மாதிரி. அதன் 2020 மாடலில் ஸ்போர்ட்டிலும் ரோட்டிலும் பவர் ஒன்றே, முழுசாக 125 பிஎஸ். டிராக்‌ஷன் கண்ட்ரோல் அளவுதான் மாறுகிறது. ரெயினுக்குப் போனால் மட்டும் பவர் ஏறக்குறைய 55 சதவீதமாக இறங்குகிறது. ரோடு மோடில் இருக்கிறோம், ஆகவே வண்டி அடக்கமாக இருக்கும் என்று நினைத்து முறுக்குகிறவர் ஏமாறுவது இங்கேதான்.

சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இல் எக்கோ, பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டு, அவற்றோடு பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துவைக்கும் வசதி. மண் பாதைக்காக அது. தார் ரோட்டில் அதைத் தொடாதீர்கள்.

ஓனர்ஸ் மேனுவலில் இதற்கென்றே ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலான கம்பெனிகள் மேனுவலைத் தங்கள் தளத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. ஷோரூமுக்குப் போகும் முன் அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிடுங்கள். விற்பனையாளர் சொல்வதில் எது சரி, எது அளப்பு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

2. பவரைக் குறைத்தால் செலவு குறையாது

“லோ மோடில் ஐம்பது குதிரைத்திறன்தானே, இன்ஷூரன்ஸும் அதற்குத் தகுந்தாற்போல இருக்குமா?” என்று ஒரு தம்பி கேட்டான். இருக்காது. இந்தியாவில் எல்லாக் கணக்கும் சிசியை வைத்தும் விலையை வைத்தும்தான்.

ஜிஎஸ்டி: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். தமிழ்நாட்டில் சாலை வரி: 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புது இருசக்கர வண்டிக்கு 12 சதவீதம், வாழ்நாள் வரியாக. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் புது வண்டிக்கு ஐந்தாண்டுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். 2022-இல் அறிவித்த கட்டணப்படி 150-க்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய், 350-ஐத் தாண்டினால் 15,117 ரூபாய், வரி தனி. உங்கள் வண்டிக்கான சொந்தச் சேத இன்ஷூரன்ஸ் இதற்கு மேல்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒன்று புலப்படும். மோடு என்றால் என்ன என்று பழக மட்டும் ஆசை, பட்ஜெட் இறுக்கம் என்றால் 350 சிசிக்குக் கீழேயே நில்லுங்கள். ஆர்ஆர் 310-இன் இன்ஜின் 312 சிசிதான். கோட்டின் இந்தப் பக்கம்.

லைசென்ஸ் விஷயம் இன்னும் விசித்திரம். கியர் வண்டி லைசென்ஸ் கையில் இருந்தால் 100 சிசியும் ஓட்டலாம், 190 பிஎஸ் ஹயபூசாவும் ஓட்டலாம். பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும். ஐரோப்பாவில் ‘ஏ2’ லைசென்ஸ் வைத்திருப்பவர் 35 கிலோவாட்டுக்கு மேல் ஓட்ட முடியாது. அங்கேகூட பட்டனை அழுத்தி லோ மோடில் வைத்திருக்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது, வண்டியையே முறைப்படி கட்டுப்படுத்திச் சான்று வைத்திருக்க வேண்டும். இங்கே அந்தப் படிக்கட்டே கிடையாது. அதனால் அந்தப் படிக்கட்டை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மோடு அதற்குத்தான் லாயக்கு.

3. டெஸ்ட் ரைடை ஞாயிறு காலைக்கு வாங்குங்கள்

ஷோரூமில் கொடுக்கிற டெஸ்ட் ரைடு பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டர். அதுவும் சனிக்கிழமை சாயங்காலம் போனால் முதல் கியரிலேயே முடிந்துவிடும். ரோடு காலியாக இருக்கும் நேரமாகக் கேளுங்கள். லைசென்ஸ் ஒரிஜினல், ஒரு நகல், சொந்த ஹெல்மெட், கணுக்காலை மூடும் ஷூ எடுத்துப் போங்கள். பெரிய வண்டிக்கு, சேதமானால் நான் பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். எவ்வளவு வரை பொறுப்பு என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

ஓட்டும்போது ஒரே சோதனை போதும். மூன்றாம் கியர், ஏறக்குறைய 3,000 ஆர்பிஎம், நேரான காலி ரோடு. மெதுவாக ஒரே சீராக முறுக்குங்கள். முதலில் மென்மையான மோடில், பிறகு கடுமையான மோடில். முறுக்கின் முதல் கால் பங்கில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று மட்டும் கவனியுங்கள். நகரத்தில் உங்கள் கை வாழப்போவது அந்தக் கால் பங்கில்தான். உச்ச வேகம் எவ்வளவு என்பதை டெஸ்ட் ரைடில் யாரும் பார்க்க வேண்டாம்.

4. பழைய வண்டி என்றால் மோடு வேலை செய்கிறதா என்று பாருங்கள்

மீட்டரில் எழுத்து மாறுவதால் மட்டும் மோடு மாறிவிட்டதாக அர்த்தமில்லை. முன்பு வைத்திருந்தவர் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை ரீமேப் செய்திருக்கலாம், அதாவது அதன் புரோகிராமை மாற்றியிருக்கலாம். சில ரீமேப்களில் எல்லா மோடுக்கும் ஒரே முழு பவரைப் போட்டுவிடுவார்கள். எழுத்து ‘எல்’ என்று காட்டும், வண்டி ‘எஃப்’ ஆக ஓடும். மேலே சொன்ன மூன்றாம் கியர் சோதனையில் இரண்டு மோடுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். வேறு சைலன்சர், வேறு ஏர் ஃபில்டர் மாட்டியிருந்தால் நேரடியாகவே கேட்டுவிடுங்கள்.

அப்படிப்பட்ட வண்டியில் வாரண்டி கேட்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கிற முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

காகிதங்கள்: ஆர்சி, நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் படிவம் 35-உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28. பெரிய பைக்குகள் பெங்களூர், புதுச்சேரி, கேரளா என்று பல ஊர்ப் பதிவோடு விற்பனைக்கு வரும், விலையும் ஆசை காட்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் மறுபதிவு செய்து தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையைச் சேர்த்த பிறகும் விலை குறைவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், நானும் மறந்து பன்னிரண்டாம் நாள் ஓடினேன்.

5. கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டுங்கள்

இதைப் பார்த்து என் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணன் சிரித்தார். சிரிக்கட்டும். கரண்ட் வேலைக்கு வைத்திருக்கும் இன்சுலேஷன் டேப்பில் வெள்ளையாக ஒரு துண்டு கிழித்து ஆக்ஸிலரேட்டர் கைப்பிடியின் விளிம்பில் ஒட்டுங்கள். அதற்கு நேராக, நகராத சுவிட்ச் பெட்டியின் மேல் இன்னொரு துண்டு. கை எடுத்திருக்கும்போது இரண்டு கோடும் ஒன்றாக நிற்கும். முறுக்கினால் விலகும்.

இப்போது காலி ரோட்டில், மூன்றாம் கியரில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போங்கள். நேராகப் பார்த்து ஓட்டியபடியே அரை நொடி கண்ணை இறக்கிக் கோட்டைப் பாருங்கள். என் வண்டியில் ‘எஃப்’பில் ஒரு தீக்குச்சி தடிமன் மட்டும் விலகியது. ‘எல்’லில் சுண்டுவிரல் அகலம். அன்றுதான் எனக்கு உறைத்தது: பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது கை தானாக அசையும் அளவே அந்தத் தீக்குச்சி. ஃபுல் பவரில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி ஏன் தூக்கித் தூக்கிப் போட்டது என்பதற்கும் அதுதான் காரணம்.

முதல் 1,000 கிலோமீட்டரை மென்மையான மோடிலேயே ஓட்டுங்கள். புது வண்டி என்றால் எப்படியும் முதல் சர்வீஸ் வரை ஆர்பிஎம் வரம்பு உண்டு. ஆனால் ஒன்று, லோ மோடு அந்த வரம்பைப் பார்த்துக்கொள்ளாது. லோ மோடிலும் ஆர்பிஎம் ஏறத்தான் செய்யும். மீட்டரைப் பார்ப்பது உங்கள் வேலை.

கார்புரேட்டர் காலத்து நான்கு சிலிண்டர் வண்டியை இன்றும் ஓட்டும் நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. “டேய், மோடெல்லாம் மணிக்கட்டுலதான்டா இருக்கு” என்பான். காலை ஆறு மணிக்கு அவன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பத்து மணி நேரம் ஓட்டி, முதுகு வலியோடு, எதிர் வெளிச்சம் கண்ணில் அடிக்க, தாம்பரத்துக்குள் நுழையும்போது அந்த மணிக்கட்டை நான் நம்புவதில்லை.

6. பார்க்காமல் மாற்றப் பழகுங்கள்

பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி, க்ளவுஸ் போட்டுக்கொண்டு, பட்டனைப் பார்க்காமல் பத்து முறை மோடு மாற்றுங்கள். பிறகு காலி ரோட்டில் ஓடியபடி. அங்கே ஒரு சூட்சுமம்: நிறைய வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டால்தான் புது மோடு ஏறும். விடாவிட்டால் எழுத்து மின்னிக்கொண்டே இருக்கும், வண்டி பழைய மோடிலேயே ஓடும். மின்னுவது நின்றதா என்று பார்த்த பிறகுதான் மாறிவிட்டதாக நம்ப வேண்டும்.

இன்ஜினை அணைத்துப் போட்டால் எந்த மோடில் எழும் என்பதையும் தெரிந்துவையுங்கள். சிலது கடைசி மோடை நினைவில் வைத்திருக்கும், சிலவற்றில் அணைத்துவைத்த ஏபிஎஸ் மீண்டும் தானாக ஓடத் தொடங்கிவிடும்.

7. லோ மோடில் ஓவர்டேக் செய்யும் முன்

இந்தக் கட்டுரையை எழுதியதே இந்தப் பகுதிக்காகத்தான்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் ரோடு. நடுவில் தடுப்பு இல்லை. காலையில் தூறல் என்று லோ மோடில் வைத்தவன், தூறல் விட்டதும் மாற்ற மறந்துவிட்டேன். முன்னால் வைக்கோல் லாரி. எதிரே தூரத்தில் ஒரு பஸ். ஃபுல் பவரில் பல முறை செய்த கணக்கில், ஆறாம் கியரிலேயே விலகி முறுக்கினேன். வண்டி எழவில்லை. இன்னும் முறுக்கினேன். லாரியின் நடுச் சக்கரம் என் முழங்காலுக்கு நேராக அப்படியே நிற்பதுபோல இருந்தது. பஸ் விளக்கை அடித்தது. கடைசியில் பிரேக் பிடித்து லாரிக்குப் பின்னாலேயே ஒதுங்கினேன். வைக்கோல் தூசி ஹெல்மெட்டுக்குள் எல்லாம்.

லோ மோடில் வண்டி ஓவர்டேக் செய்யாது என்றில்லை. ஐம்பது அறுபது குதிரைத்திறன் தாராளம். நான் இரண்டு கியர் இறக்கியிருந்தால் போயிருக்கும். தவறு, ஒரு மோடில் பழகிய தூரக் கணக்கை இன்னொரு மோடில் போட்டது. எனவே:

விலகும் முன் மீட்டரில் எழுத்தைப் பாருங்கள். லோ என்றால் கியரை இறக்கி, ஆர்பிஎம் ஏறிய பிறகு விலகுங்கள். பாதி ஓவர்டேக்கில் ஒருபோதும் மோடு பட்டனைத் தேடாதீர்கள். மாற்ற வேண்டுமானால் ஆக்ஸிலரேட்டரை விட வேண்டும், அதாவது லாரிக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதைவிட மோசமான இடம் ரோட்டில் இல்லை.

8. மழையும் மலையும்

ரெயின் மோடு டயருக்குப் பிடிப்பைக் கூட்டாது. பின் சக்கரம் அவசரப்பட்டுச் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. பிரேக் தூரம் அப்படியேதான் இருக்கும். தேய்ந்த டயரோடு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழைக்குள் போகிறவரை எந்த எழுத்தும் காப்பாற்றாது. டயருக்கான பணத்தை செப்டம்பரிலேயே ஒதுக்குங்கள். எனக்குப் பின் டயர் 9,000 கிலோமீட்டரில் தீர்ந்தது.

வெயில் காலம் முழுக்கப் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் மேலே மிதக்கும். அந்த முதல் அரை மணி நேரம்தான் ரெயின் மோடுக்கு உண்மையான வேலை. சென்னையில் இன்னொன்று, மெட்ரோ வேலைக்காகச் சாலையில் பதித்த இரும்புத் தகடுகள். போரூர்ப் பக்கம் நனைந்த தகட்டின் மேல் இரண்டாம் கியரில் லேசாக முறுக்கியபோது பின் சக்கரம் பக்கவாட்டில் ஒரு சாண் போய் வந்தது. அன்று ஃபுல் பவரில் இருந்தேன். டிராக்‌ஷன் கண்ட்ரோல் விளக்கு மின்னியதைப் பார்த்த நினைவு மட்டும் இருக்கிறது.

மலையில் ஸ்போர்ட் மோடுதான் ஜாலி என்பார்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டு, திரும்பியபடியே மீண்டும் லேசாகத் திறக்க வேண்டும். அந்த லேசான திறப்பில் ஸ்போர்ட் மோடு குலுங்கும். பத்தாவது வளைவுக்குள் கை வலிக்கும். நடுமோடு போதும், இல்லாவிட்டால் லோ. இறங்கும்போது கவனம்: சில வண்டிகளில் மென்மையான மோடு இன்ஜின் பிரேக்கிங்கையும் குறைத்துவிடும், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வேகம் குறையாமல் உருண்டுகொண்டே போகும். ஒரு கியர் குறைவாக வைத்து இறங்குங்கள்.

டிராக் மோடு இருந்தால் இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடத்துக்குப் போகிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏபிஎஸ் தாமதமாகவே குறுக்கிடும். ஈசிஆரில் குறுக்கே ஓடும் ஆட்டுக்கு அது தெரியாது.

மைலேஜ் பற்றிக் கேட்பீர்கள். நூறில் சீராகப் போக இருபது குதிரைத்திறனுக்குள் போதும், எந்த மோடில் இருந்தாலும் அதே இருபதுதான் செலவாகும். லோ மோடில் கொஞ்சம் கூடினால் அது கை அடங்கியதால் வந்தது.

9. வண்டி கை மாறினால்

தம்பிக்கு, நண்பனுக்கு வண்டி கொடுக்கும்போது நீங்களே மென்மையான மோடில் வைத்து, ஓவர்டேக் விஷயத்தையும் சொல்லிக் கொடுங்கள். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று முன்பே சொன்னேன்: அந்த வண்டியில் எது உண்மையில் பவரைக் குறைக்கிறதோ அதைத்தான் வைக்க வேண்டும்.

சர்வீஸிலிருந்து வரும்போது எழுத்தைப் பாருங்கள். ஓர் ஒர்க்‌ஷாப்பில் நான் ‘எல்’லில் விட்ட வண்டியை, ஓட்டிப் பார்த்த பையன் ‘எஃப்’பில் விட்டிருந்தான். டிராக்‌ஷன் கண்ட்ரோலும் அணைந்திருந்தது. நான் கவனிக்காமல் எடுத்து, வாசல் சரிவில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்த சிமெண்டில் முறுக்கி, காலை ஊன்றித்தான் நிமிர்த்தினேன். இருநூறு கிலோ வண்டி, மூன்று நாள் கெண்டைக்கால் வலி. இப்போது வண்டியை விடும்போது ஜாப் கார்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே ‘மோடு: எல், டிராக்‌ஷன்: ஆன்’ என்று எழுதச் சொல்கிறேன். கூடவே மீட்டரை போனில் ஒரு படம். திரும்ப எடுக்கும்போது அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டாண்டை எடுக்கிறேன்.